தாம்பரம் ரயிலும் ஹாக்கி மட்டையும்

சென்னைப் பட்டணத்தின் தெற்குப் புறநகர்களில் வசிப்பவர்களுக்கு எத்தனையோ குறைகள் உண்டு. கோடையில் தண்ணீருக்குக் குறை. மழைக் காலத்திலோ தண்ணீர் அதிகமாகிவிட்ட குறை. காலை வேளையில் ரயிலில் ஒரு காலையாவது ஊன்றி நிற்க இடமில்லாத குறை. ஆனால், சர்வதேச ஹாக்கிப் பந்தயங்களைப் பார்க்க வழியில்லை என்று மட்டும் அவர்கள் குறைப்பட்டுக் கொள்ள முடியாது. 1931-ஆம் வருஷத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த வண்டியில் தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்தால் குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், பரங்கிமலை, கிண்டி, மாம்பலம் என்று வரிசையாக ஸ்டேஷன்களைக் கடந்து எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பலர் மட்டை பிடித்த இடம் அது.

அந்த அரங்கத்துக்கு வந்து போன விருந்தாளிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1996-ஆம் வருஷம் சாம்பியன்ஸ் கோப்பைப் பந்தயம் இங்கே நடந்தது. ஹாலந்து தேசத்தார் கோப்பையைக் கொண்டு போனார்கள். இந்தியா நான்காவது இடம் பெற்றது. 2005-இல் அதே கோப்பைக்கு மறுபடியும் இங்கே போட்டி. அந்தத் தடவை வென்றவர்கள் ஆஸ்திரேலியர்கள். 2007-இல் ஆசியக் கோப்பைப் பந்தயம் நடந்தபோதுதான் நம்மவர்கள் முறை வந்தது. இந்திய அணி இறுதி ஆட்டத்தில் கொரியாவை 7-2 என்று தோற்கடித்தது. அந்த ஆரவாரம் அடங்கி ஆறு மாதம் கழிவதற்குள் ஒரு துக்கச் செய்தியும் வந்தது. 2008 மார்ச்சு மாதத்தில் சீலி தேசத்தின் சாந்தியாகோ நகரில் நடந்த தகுதிப் பந்தயத்தில் இந்தியா பிரிட்டனிடம் தோற்று, 1928-க்குப் பிறகு முதல் முறையாக ஒலிம்பிக்குக்குப் போகும் தகுதியை இழந்தது.

இந்தச் செய்தி ஏன் அத்தனை பேருக்கும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது என்பதை இளைய நேயர்களுக்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். நமது தேசம் அடிமைப்பட்டிருந்த காலத்தில் உலகத்தார் முன்னிலையில் நாம் தலை நிமிர்ந்து நின்ற இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று ஹாக்கி மைதானம். 1928-இல் ஆம்ஸ்டர்டாமிலும், 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும், 1936-இல் பெர்லினிலும் இந்திய அணி தங்கப் பதக்கம் பெற்றது. அந்த மூன்று ஒலிம்பிக்குகளிலும் பிரிட்டிஷ் அணி ஹாக்கியில் கலந்து கொள்ளவே இல்லை. காரணம் என்னவாயினும், ஆண்டவனும் அடிமையும் ஒரே மைதானத்தில் சரிசமமாக நிற்கும் காட்சியை உலகம் காணாமலே போயிற்று. பிறகு தேசம் விடுதலை பெற்றது. 1948 ஆகஸ்டு 12-ஆம் தேதி, சுதந்திரத்துக்கு ஒரு வயது நிரம்ப மூன்று நாள் இருக்கும்போது, லண்டன் வெம்பிளி மைதானத்தில் கிஷன்லால் தலைமையில் இறங்கிய இந்திய அணி அதே பிரிட்டனை அவர்கள் மண்ணிலேயே 4-0 என்று வென்றது. மூவர்ணக் கொடி ஏறியது. ஹாக்கி நமக்கு வெறும் விளையாட்டாக இல்லாமற்போனதன் காரணம் இதுதான்.

இந்தப் பெருமையில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டா? உண்டு; சாமானியமான பங்கும் அல்ல.

ஹாக்கி நம் தேசத்தில் மூன்று விதமான மண்ணில் வேர் விட்டது. முதலாவது, பட்டாளங்கள் தங்கிய கண்டோன்மெண்டு, இரண்டாவது, ரயில்வே, மூன்றாவது, கல்லூரி. தமிழ்நாடு தந்த சிறந்த ஆட்டக்காரர்களைப் பார்த்தால் இந்த மூன்றும் விளங்கும். சென்னையில் பிறந்த வி. ஜே. பீட்டர் இராணுவ அணியில் ஆடியவர். 1960-இல் ரோமாபுரியில் வெள்ளி, 1964-இல் டோக்கியோவில் தங்கம், 1968-இல் மெக்ஸிகோவில் வெண்கலம் என்று மூன்று நிறப் பதக்கங்களையும் பெற்றார். அவருடைய தம்பி வி. ஜே. பிலிப்ஸ் ரயில்வே அணிக்காரர். 1972-இல் மூனிச் ஒலிம்பிக் வெண்கலம் பெற்ற அணியிலும், 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைக் கொண்டுவந்த அணியிலும் அவர் இருந்தார். வாசுதேவன் பாஸ்கரன் சென்னை லயோலாக் கல்லூரியில் படித்தவர். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை நடத்திச் சென்றவர் அவரே. ஸ்பெயினுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-0 என்று முன்னேறியிருந்த நம்மவர்கள், கடைசி நிமிஷங்களில் மூச்சைப் பிடித்துக் கொண்டு 4-3 என்று கரை சேர்ந்தார்கள். இவர்களோடு, மெக்ஸிகோவில் கோல் காவலராகச் சென்ற முனீர் சேட், 1968, 1972 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் வெண்கலம் பெற்ற கிருஷ்ணமூர்த்தி பெருமாள், 1996, 2000 ஒலிம்பிக்குகளில் ஆடிய முகமது ரியாஸ் ஆகியோரையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். பூனாவுக்கு அருகே கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஓடியாடிய தன்ராஜ் பிள்ளையை அறியாதவர் யார்?

இப்போது தாம்பரம் ரயில் பாதையை மறுபடியும் நோக்குவோம். மேலே சொன்ன மூன்று மண்ணும் இந்த ஒரே பாதையில் வரிசையாக அமைந்திருப்பதைக் காணலாம். பரங்கிமலையும் பல்லாவரமும் பழைய கண்டோன்மெண்டுகள். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடங்கள். 1928-இல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போன இந்திய அணியில் ஆங்கிலோ-இந்தியர் பலர் இருந்தனர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். தாம்பரமோ பெரிய ரயில்வே நிலையம். மின்சார வண்டிகளைப் பழுது பார்க்கும் கொட்டகை அங்கே இருக்கிறது. விமானப் படை நிலையமும் இருக்கிறது. கிறிஸ்துவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து விடுபட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடியேறி, மரமும் மைதானமுமாகப் பரந்து கிடக்கிறது. ஹாக்கி வளர்வதற்கு வேண்டிய மண் இதைவிட வேறு எங்கே வாய்க்கும்?

ஆயினும், கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 2004-இல் ஆதன்ஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் கோயம்புத்தூரில் பிறந்த ஆடம் சின்க்ளேர் இருந்தார். அதற்குப் பிறகு இந்திய ஹாக்கி அணி 2012, 2016, 2021, 2024 ஆகிய வருஷங்களில் நான்கு ஒலிம்பிக் பந்தயங்களில் ஆடியிருக்கிறது. டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 வருஷ வறட்சிக்குப் பின் வெண்கலம் பெற்றது. பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று மீண்டும் வெண்கலம் பெற்றது. தேசம் முழுவதும் குதூகலித்தது, நாமும் குதூகலித்தோம். ஆனால் அந்த நான்கு அணிகளிலும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. பஞ்சாபின் கிராமங்களும், ஒரிஸ்ஸாவின் சுந்தர்கட் ஜில்லாவும், மணிப்பூரும், கேரளமும் ஆள் அனுப்பியிருக்கின்றன. ஒலிம்பிக் அணித் தலைவரையே தந்த தமிழ்நாடு கைதட்டுவதற்கு மட்டும் ஆள் அனுப்பிற்று.

காரணம் என்ன? நம் பிள்ளைகளுக்குக் கால் ஓடவில்லை என்பதா? கிரிக்கெட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்து விடலாமா? அதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி, தரையில் இருக்கிறது.

1976-ஆம் வருஷம் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் புல் தரையை விட்டுச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். அதற்கு முந்திய வருஷம் உலகக் கோப்பையை வென்ற இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. புல் தரையில் பந்து துள்ளும், தயங்கும்; அதை மட்டையால் கொஞ்சிக் கொஞ்சி வசப்படுத்துவது நம்மவர்களுடைய வித்தை. செயற்கைத் தரையிலோ பந்து தயங்குவதே இல்லை. விட்ட அம்புபோல் போகும். ஆளும் அந்த வேகத்தில் ஓட வேண்டும். இப்போது ஆட்டமும் 35 நிமிஷம் கொண்ட இரண்டு பாதியாக இல்லை. 15 நிமிஷம் கொண்ட நான்கு கால் பகுதிகளாக நடக்கிறது. ஒவ்வொரு கால் பகுதியிலும் ஆட்டக்காரர்கள் மாறி மாறி இறங்கி முழு வேகத்தில் ஓடுகிறார்கள். மண் தரையில் பழகிய பிள்ளை பதினெட்டு வயதில் முதல் தடவையாக அந்தத் தரையில் கால் வைத்தால், நீச்சலைக் குளத்தங்கரையில் நின்று கற்றவன் நிலைதான் அவனுக்கு. அத்தகைய தரையை அமைக்கப் பெருந்தொகை வேண்டும். தண்ணீர் தெளித்துப் பராமரிக்க மேலும் செலவு வேண்டும். முன்போல் ஒரு பந்தும், சில மட்டைகளும், பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் ஒரு பொட்டலும் இருந்தால் போதும் என்ற காலம் மலையேறிவிட்டது.

இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2023 ஆகஸ்டு மாதத்தில், 16 வருஷ இடைவெளிக்குப் பின், எழும்பூர் அரங்கத்துக்குச் சர்வதேச ஹாக்கி திரும்பி வந்தது. ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காக ஆறு தேசத்து அணிகள் வந்து இறங்கின. பாகிஸ்தானை நம்மவர்கள் 4-0 என்று வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் பாதி ஆட்டம் முடியும்போது 1-3 என்று பின்தங்கி நின்றார்கள். 45-ஆம் நிமிஷத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல். 56-ஆம் நிமிஷத்தில் ஆகாஷ்தீப் சிங் ஒரு கோல். ஆக 4-3 என்று கோப்பை நம்முடையதாயிற்று. ஆனால் நமக்கு இங்கே முக்கியமானது, அதே மலேசியாவுடன் அதற்குச் சில நாள் முன்பு நடந்த முதற்சுற்று ஆட்டம். அதில் இந்தியா 5-0 என்று வென்றது. முதல் கோலைப் போட்டவர் கார்த்தி செல்வம். அரியலூர்ப் பிள்ளை, சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். தம் சொந்த நாட்டு ஜனங்களின் முன்னிலையில், தமிழில் எழுந்த கரகோஷத்தின் நடுவே அவர் கோல் போட்டார்.

அரியலூர்ப் பிள்ளைக்கு இந்த வித்தை எங்கே கைவந்தது? கோவில்பட்டியில். கரிசல் பூமியில் தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர் போன அந்த ஊர், ஹாக்கிக்கும் பேர் போனது. அங்கே பிள்ளைகள் தங்கிப் பழகுவதற்கு விளையாட்டு விடுதி இருக்கிறது, செயற்கைத் தரை மைதானம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவில் மட்டையுடன் போகும் பையனைப் பார்த்து, "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்காத ஊர் ஜனங்கள் இருக்கிறார்கள். தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போகும் அதே இருப்புப்பாதையில்தான் கோவில்பட்டியும் இருக்கிறது. பாதையின் ஒரு முனையில் எழும்பூர் அரங்கம். மறு முனைப் பக்கத்தில் கோவில்பட்டி மைதானம். நடுவே லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழும் நம் புறநகர்கள்.

2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வாலிபர்களுக்கான உலகக் கோப்பைப் பந்தயம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 தேசத்து அணிகள் கலந்து கொண்டன. ஜெர்மனி கோப்பையைப் பெற்றது. இந்திய இளைஞர்கள் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து, கடைசிப் பகுதியில் 4-2 என்று வென்று வெண்கலம் பெற்றார்கள். பந்தயம் நடத்துவதில் நமக்கு நிகரில்லை என்பது இதனால் மறுபடியும் நிச்சயமாயிற்று. விருந்து படைப்பதில் வல்லவர்கள் நாம். பந்தியில் நம் பிள்ளைக்கு ஓர் இலை போட்டோமா என்பதுதான் கேள்வி.

அரங்கம் கட்டுவது சர்க்காரின் காரியம். அதைச் செய்திருக்கிறார்கள், இன்னும் செய்யட்டும். 2021-இல் தாம்பரம் தனி மாநகராட்சி ஆயிற்று. ஒரு மாநகரம் என்றால் சாலையும் சாக்கடையும் மட்டும் போதுமா? பிள்ளைகள் சைக்கிளில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒரு செயற்கைத் தரை மைதானம் வேண்டாமா? பெரிய கல்விச் சாலைகளின் மைதானங்கள் மாலை வேளைகளில் சுற்றுப்புறத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடப் படலாகாதா? இவற்றைக் கேட்கும் உரிமை வரி கட்டுகிறவர்களுக்கு உண்டு; கேட்க வேண்டிய கடமையும் உண்டு.

மற்றொரு காரியம் பெற்றோர்களுடையது. பரீட்சைக்கும் பந்தாட்டத்துக்கும் தீராப் பகை என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. கல்லூரியில் படித்துக் கொண்டே மட்டை பிடித்த ஒருவர்தான் மாஸ்கோவில் தங்கப் பதக்கத்தை வாங்கி வந்தார் என்பதை அந்த நம்பிக்கைக்கு மருந்தாகச் சொல்லலாம். அடுத்த பந்தயத்துக்குக் குடும்பத்தோடு எழும்பூருக்குப் போகிறவர்கள் பையனையும் அவசியம் அழைத்துப் போகட்டும். போகும்போது ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுப்பதோடு, திரும்பி வந்த மறுநாள் ஒரு மட்டையும் வாங்கிக் கொடுக்கட்டும். வெம்பிளியில் கொடியேற்றியவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒரு தகப்பனார் வாங்கிக் கொடுத்த மட்டையைக் கொண்டுதான் ஆட்டத்தைத் தொடங்கியிருப்பார்கள்.