அழகர் ஆற்றில் இறங்காத சித்திரை

மதுரையில் சித்திரைத் திருக்கல்யாணத்துக்கு அழைப்பிதழை எதிர்பார்ப்பார் எவருமில்லை. மீனாட்சியம்மை மணமகள்; ஊர் முழுதும் பெண் வீட்டார். சொக்கநாதப் பெருமான் அம்மைக்கு மங்கல நாண் சூட்டியபின் மொய் எழுதி, கல்யாண விருந்து உண்டு இல்லம் திரும்புவதே அம்மக்களின் வழக்கம். அத்தகைய ஊரில் 2020-ஆம் ஆண்டு சித்திரை வந்தபோது வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன.

கொரோனாப் பெருந்தொற்றினால் மார்ச் இறுதியிலேயே நாடெங்கும் ஊரடங்கு. திருக்கோயில்களில் நித்திய பூஜைகள் நடந்தன. பக்தர்களுக்கு அனுமதி இல்லை. கொடியேற்றம், பட்டாபிஷேகம், திக்விஜயம், திருத்தேர் யாவும் நின்றன. திருக்கல்யாணத்தை மட்டும் நிறுத்த எவருக்கும் மனம் வரவில்லை. மே 4-ஆம் நாள் காலை, சுவாமி சந்நிதி முதற் பிராகாரத்துச் சேத்தி மண்டபத்தில் நான்கு சிவாச்சாரியார்கள் மட்டுமே இருந்து அந்த வைபவத்தை நிறைவேற்றினர். இணையதளத்தின் வழியே அது நேரலையாக ஒளிபரப்பாயிற்று.

அம்மைக்குத் திருமாங்கல்யம் ஏறும் அதே வேளையில் சுமங்கலிகள் தங்கள் தாலிக்கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்வர். முன்பின் அறியாதவராயினும் அருகில் நிற்கும் பெண்மணிக்கு மஞ்சளும் குங்குமமும் கொடுப்பர். ஆடி வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் காலங்காலமாக நடந்த அந்த மங்கலம் அவ்வாண்டு வீட்டுக் கூடங்களுக்குள் வந்தது. பெண்கள் நீராடி, விளக்கேற்றி, மஞ்சள் கயிற்றைத் தட்டில் வைத்துத் திரையின் முன் அமர்ந்தனர். மந்திரம் ஒலித்தது, மேளம் முழங்கியது, கயிறு மாறியது. கைப்பேசியில் கண்டதும் தரிசனம்தானா என்று வினவுவோர் உண்டு. அன்று அம்மையின் திருமுகம் கண்டு கண்ணீர் உகுத்த முதியோரிடம் அவ்வினா எழவில்லை.

ஆயினும் அழகரை நினைத்தபோதுதான் ஊர் கலங்கியது. தங்கை திருமணத்துக்குப் புறப்பட்ட அண்ணன், கல்யாணம் முடிந்துவிட்டதென அறிந்து கோபித்துக்கொண்டு வைகையோடு திரும்புகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. மண்டூக முனிவரின் சாபம் தீர்க்கவே அவர் எழுந்தருளுகிறார் என்பது கோயில் மரபு. தேனூரில் நிகழ்ந்துவந்த அவ்விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைத் திருவிழாவோடு இணைத்தார் என்பர். கதை எதுவாயினும், கள்ளர் திருக்கோலத்தில் மலையினின்று புறப்படும் பெருமாளுக்கு வழிநெடுக நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். பாட்டன் ஏற்ற உபயத்தைப் பேரன் தொடர்ந்து நடத்துவான். சாதியும் சமயப் பிரிவும் பாராமல் எதிர்சேவைக்குத் திரள்வர். நீர்மோரும் பானகமும் கேட்காமலே கைக்கு வரும். துருத்தி சுமந்தோர் பெருமாள்மீது நீர் பீய்ச்சிக் கோடையைத் தணிப்பர்.

2020-இல் அழகர் மலையடிவாரத் திருக்கோயிலை விட்டு வெளியே வரவில்லை. மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் மே 8-ஆம் நாள் அங்கேயே நிகழ்ந்தது. தாமதமாகவேனும் வருகிற அண்ணன் அவ்வாண்டு வரவேயில்லை! மண்டகப்படிக்காரர்களுக்கு அது சொல்லி ஆற்ற முடியாத வேதனை. பந்தற்காலும் தோரணமும் இல்லாத கொட்டகைகளைக் கடந்து செல்லவே பலருக்கு மனம் கூசியது.

2021-ஆம் ஆண்டும் தொற்று விடவில்லை. கோயில் வளாகத்துக்குள்ளேயே வைகையைப் போல் ஒன்று அமைத்து, அதில் அழகரை எழுந்தருளச் செய்தனர். பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும் பட்டின் நிறம் கண்டு அவ்வாண்டின் வளத்தைக் கணிப்பது மதுரையின் நம்பிக்கை. அந்தப் பட்டை ஆற்றங்கரையில் நின்று காணும் பேறு இரண்டாம் ஆண்டும் ஊருக்குக் கிட்டவில்லை.

2022, ஏப்ரல் 16. விடியலில் தங்கக்குதிரை வாகனத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை அணிந்து, பச்சைப் பட்டுடுத்தி அழகர் வைகையில் இறங்கினார். இரண்டு ஆண்டு ஏக்கமும் சேர்ந்து கரைகளில் பொங்கியது. அந்நெரிசலில் இருவர் உயிரிழந்தனர் என்ற துயரச் செய்தியும் அன்றே வந்தது. மகிழ்ச்சியோடு அதையும் சுமந்தே ஊர் வீடு திரும்பியது.

அதன்பின் வண்டியூர் நோக்கிச் சென்ற பெருமாளை மண்டகப்படிகள் ஒவ்வொன்றாக எதிர்கொண்டன. சொம்பில் நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் மூடி, அதன்மேல் சூடம் ஏற்றிக் காத்திருந்தனர் மக்கள். வழிபட்டபின் இலையை நீக்கி, அருகில் நின்றவர் யாரென்று கேளாமல் ஆளுக்கொரு பிடி சர்க்கரை கொடுத்தனர்.