மருந்து பலிக்கவில்லை என்றால்

இமாசலத்தில் கோட்கர், தானேதார் பக்கம் ஆப்பிள் மொட்டுகளின் நுனி பச்சை காட்டத் தொடங்கியதுமே தோட்டங்களில் டிரம்களை உருட்டிக்கொண்டு வருவார்கள். 200 லிட்டர் டிரம்மில் 196 லிட்டர் தண்ணீர், 4 லிட்டர் தோட்டக்கலை எண்ணெய். அந்தக் கரைசலைக் கிளை சொட்டச் சொட்ட நனையும்படி அடிப்பார்கள். குறி சான் ஜோஸ் செதில் பூச்சி.

பார்த்தால் பூச்சி என்றே தோன்றாது. பட்டை மேல் யாரோ சாம்பலைத் தூவிவிட்டுப் போனது போலிருக்கும். ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டி, கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். மூடிக்கு அடியில் மஞ்சளாக, காலும் சிறகும் இல்லாத ஓர் உடல், பட்டைக்குள் வாயைச் செருகி உட்கார்ந்திருக்கும். அது பழத்தில் ஒட்டினால் சுற்றிலும் சிவப்பு வளையம் விழும்; தரம் பிரிக்கும் இடத்திலேயே விலை இறங்கிவிடும். அந்த மூடிக்குள் இருப்பதை மூச்சுத் திணற வைப்பதுதான் எண்ணெயின் வேலை.

பிறகு கிடைப்பது சில நாள் வாய்ப்புதான். கோடைத் தொடக்கத்தில் குஞ்சுகள் தாய்ப்பூச்சியின் மூடிக்குள்ளிருந்து வெளியே ஊரும். கிளையில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி வைத்தால் அதில் மஞ்சள் துகள்களாகச் சிக்கும். அந்தச் சில நாட்களில் அடிக்கும் மருந்து வேலை செய்யும். மூடி கட்டிக்கொண்டபின் அடித்தால் பணம் மண்ணுக்குப் போகும். அப்படி ஆனவர் முதலில் திட்டுவது மருந்துக்கடைக்காரரைத்தான்.

திட்டில் நியாயம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சரக்கு போலியாக இருந்திருக்கலாம், நாள் தவறியிருக்கலாம், பூச்சியே மருந்துக்குப் பழகியிருக்கலாம். கடைசிக் காரணம் புதிதல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்கு இதே செதில் பூச்சி மசியாததை மெலண்டர் என்ற பூச்சியியலாளர் 1914-லேயே எழுதிவைத்தார். சிவப்புச் சிலந்திப் பேனின் கதையோ வேறு: கண்டபடி அடித்த மருந்தில் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்துப்போகும், பேன் பெருகும், இலை வெண்கல நிறத்துக்கு மாறும். இதற்குக் கடைக்காரர் பொறுப்பாக முடியாது.

லடாக்கில், ஆப்பிள் காயைத் துளைக்கும் கோட்லிங் அந்துப்பூச்சிக்குத் தொங்கவிடும் இனக்கவர்ச்சிப் பொறியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நாலைந்து பொறி வைத்துவிட்டால் பூச்சி ஒழிந்தது என்று நினைப்பார்கள். அதில் சிக்குவது ஆண்பூச்சி மட்டும். அது காலண்டர் போன்றது: முதல் பூச்சி விழுந்த நாளிலிருந்து 10 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தினமும் கூட்டிக்கொண்டே வந்தால் முட்டை எப்போது பொரியும் என்று கணிக்கலாம். புழு காய்க்குள் புகுந்துவிட்டால் மேலே அடிக்கும் மருந்து அதை எட்டாது.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். எந்த நாள் எத்தனை பூச்சி, எந்த மருந்து, எந்தத் தொகுதி எண், எவ்வளவு கலந்தோம், அன்று மழை உண்டா என்று. அது சாகுபடிக்கு மட்டும் உதவுவதில்லை. வழக்கு என்று வந்தால் சாட்சியும் அதுதான்.

பில் இல்லாமல் மருந்து வாங்கவே கூடாது. ‘பில் வேண்டாம் என்றால் விலை குறையும்’ என்று சொல்லும் கடையிலிருந்து இறங்கி வந்துவிடுவது நல்லது. லேபிளில் பதிவு எண், தொகுதி எண், காலாவதி நாள், எந்தப் பயிருக்கு எந்தப் பூச்சிக்கு என்பதெல்லாம் இருக்கவேண்டும். முக்கோணம் சிவப்பானால் விஷம் மிக அதிகம். பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும்.

சந்தேகம் வந்தால் தோட்டக்கலை அல்லது வேளாண் துறையில் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஆய்வாளர் கடைச் சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம். தாமதித்தால் அந்தத் தொகுதி விற்றுத் தீர்ந்துவிடும். வீட்டில் உடைத்த டப்பாவின் மிச்சத்தை ‘நீங்களே கலந்திருப்பீர்கள்’ என்று தள்ளிவிடுவது சுலபம்.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிழைப்புக்காகத் தானே தோட்டம் பார்ப்பவர் நுகர்வோர்தான். விதை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2012-ல் விவசாயிகளை அப்படித்தான் கருதியது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது. உதவி எண் 1915.

உரிமை மருந்தடிப்பவருக்கும் உண்டு. அவர் பெரும்பாலும் தோட்டக்காரர் அல்லர், நேபாளத்திலிருந்து கூலிக்கு வந்தவர். முகத்தில் ஒரு துண்டு, காலில் செருப்பு. மருந்தைக் கையாள்பவருக்குத் தக்க பாதுகாப்பு உடை வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ளது. கேட்டு வாங்குவது சலுகை அல்ல. அவருக்குத் தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டப்பாவையும் உள்ளே இருந்த துண்டுத்தாளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது என்ன மருந்து என்றுதான். மாற்று மருந்தின் பெயர் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும்.