பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை லிட்டர்?

ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு போர்ஷனைக் காலி செய்யும்போது, சாவி கொடுக்கும் நேரத்தில் பெயின்ட் பேச்சு வந்துவிடும். "பெயின்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்பார் வீட்டுக்காரர். எத்தனை சதுர அடி, எத்தனை லிட்டர் என்று யாரும் கேட்பதில்லை. சொந்த வீட்டுக்காரருக்கும் இதே நிலைதான். பெயின்டர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததைக் காந்தி மார்க்கெட் பக்கம் ஏதோ ஒரு கடையில் நீட்டி, சொன்ன பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார். அளவு தெரியாததால்தான் இரண்டு இடத்திலும் பணம் போகிறது. ஒரு டேப்பும் கால் மணி நேரமும் இருந்தால் அந்த அளவு நம் கைக்கு வந்துவிடும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரம் பத்தடி என்று வையுங்கள். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரட்டித்தால் 44 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. மூன்றுக்கு ஏழில் ஒரு கதவு 21, நாலுக்கு நாலில் இரண்டு ஜன்னல் 32. இந்த 53-ஐக் கழித்தால் பெயின்ட் அடிக்க வேண்டிய சுவர் 387 சதுர அடி. சீலிங் தனியாக 120.

பட்டி பார்த்து பிரைமர் அடித்த சுவரில், சாதாரண எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று கைக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் சுவருக்கு 4 லிட்டர், சீலிங் வெள்ளைக்கு ஒன்றேகால் லிட்டர். இந்தக் கணக்கில் 20 லிட்டர் பக்கெட் ஒன்று இதே மாதிரி கிட்டத்தட்ட நான்கு அறைக்கு வரும். ஒரே அறைக்கு அதை எழுதிக் கொடுத்தால், ஏன் என்று கேட்பதில் தவறே இல்லை.

லேபிளிலோ நிறுவனத்தின் விவரத்தாளிலோ இன்னும் பெரிய எண் இருக்கலாம். அது ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஏமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. மேலும் அந்த எண் வழவழப்பான, பெயின்டை உறிஞ்சாத சுவருக்கானது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்தின் பழைய சுண்ணாம்புச் சுவர்களில், தரையிலிருந்து இரண்டு மூன்று அடிவரை ஓதம் ஏறி உப்புப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். அந்த இடத்தில் எத்தனை கோட் அடித்தாலும் பொரிந்து உதிரும். அங்கே கூடுதல் பெயின்ட் வாங்குவது வீண் செலவு. ஓதம் வரும் காரணத்தைச் சரிசெய்து, சுவரை நன்றாக உலரவிட வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு வெள்ளையடிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து; சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். புதிய சிமென்ட் பூச்சாக இருந்தால் ஒரு மாதமாவது காயட்டும்.

பெயின்டர் ஏன் பெரிய பக்கெட்டாக எழுதுகிறார் என்பதற்கு ஒரு காரணம் டோக்கன். பல நிறுவனங்கள் பெயின்டருக்கென்று பக்கெட்டுக்குள் டோக்கன் வைக்கின்றன. அதைக் கொடுத்துப் பணமோ பரிசோ பெறலாம். வெயிலில் சாரத்தில் நிற்கும் தொழிலாளிக்குக் கிடைக்கும் அந்தச் சிறு வருமானத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பணமும் நாம் கொடுக்கும் விலைக்குள்தான் இருக்கிறது. கூலியைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசுங்கள். எத்தனை கோட், பட்டி உண்டா, பிரைமர் உண்டா என்று எழுதி வாங்குங்கள். டோக்கன் அவருக்கே என்று சொல்லிவிட்டு, பெயின்டை நீங்களே அளவாக வாங்குங்கள்.

மெஷினில் கலர் கலந்த பெயின்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். அதைக் குற்றமாகச் சொல்லவும் முடியாது. அதனால் முதலில் கொஞ்சம் குறைவாக வாங்கி, ஷேடு நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கலர் கலக்கும் டப்பாவில் கலருக்காக இடம் விட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் டப்பா என்று நினைத்து வாங்குவதில் 900 மில்லிகூட இருக்கலாம். லேபிளில் உள்ள நிகர அளவைப் பாருங்கள். பிரிக்காத வெள்ளையையும் பிரைமரையும் திரும்ப எடுப்பார்களா என்பதை வாங்கும்போதே கேட்டு, அதையும் பில்லில் எழுத வையுங்கள்.

எம்.ஆர்.பி. என்பது வரி உட்பட்ட விலை. பெயின்டுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. அதற்குள் அடக்கம். எம்.ஆர்.பி.க்கு மேல் வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. எம்.ஆர்.பி. விதி அடங்கிய எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் அமல்படுத்துவது தொழிலாளர் துறை. புகாரை அங்கே கொடுக்கலாம். பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லியிராவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்துவிட்டால் அந்தப் பொறுப்பு போய்விடாது.

வீட்டில் குழந்தை இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். 2017 நவம்பர் 1 முதல் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக்கூடாது என்பது மத்திய அரசின் விதி. அதற்கு முன் அடித்த பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். கதவையும் ஜன்னலையும் உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசு மூச்சிலும் சோற்றிலும் சேரும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தூசைத் துடைத்து எடுக்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குள் வரவேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு: 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. நீங்கள் தரவேண்டிய பாக்கி போக மீதி அட்வான்ஸை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித் தரவேண்டும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் பெயின்ட் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு வாதாடுவது சிரமம். குடியேறும் அன்றே சுவர்களைப் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் சுவரைச் சேதப்படுத்தியிருந்தால் அதற்கான செலவை அவர் கேட்கலாம். அப்போதும் சதுர அடிக் கணக்கும் பில்லும் காட்டச் சொல்லுங்கள். 387 சதுர அடிச் சுவருக்கு 4 லிட்டர் என்று தெரிந்தவரிடம் ஒரு மாத வாடகையைப் பிடிப்பது எளிதல்ல.

தரக்குறைவான பெயின்டோ, பேசியபடி செய்யாத கான்ட்ராக்ட் வேலையோ, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். தீரவில்லையென்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். வேறு ஊரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருப்பது இங்கே என்றால் இங்கேயே கொடுக்கலாம். பில், பெயின்டரோடு பேசி எழுதிய சீட்டு, லேபிளின் படம் ஆகிய மூன்றும் கையில் இருக்கவேண்டும். காலி டப்பாவைப் பழைய இரும்புக்குப் போடுமுன் லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.