வீடு கட்டப் போறீங்களா? கொத்தனாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்



நம்ம குழுக்களில் கடன் வாங்கும் காரணங்களில் வீடும் ஒன்று. 2024ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தார்கள். வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. அரசுப் பணம் தவணை தவணையாக வரும். கையிருப்பும் குழுக் கடனும் போட்டுத்தான் வேலை முடியும். ஆகவே ஒரு மூட்டை சிமெண்ட் வீணானாலும் அது நம்ம சேமிப்புதான். "எனக்கென்ன தெரியும், மேஸ்திரி பார்த்துக்குவார்" என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். கீழே சொல்வதைத் தெரிந்து கொண்டால் போதும்.

வானம் எவ்வளவு ஆழம்?

திண்டுக்கல் சமவெளியில் செம்மண்ணும் உண்டு, சில இடங்களில் கரிசலும் உண்டு. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். மண் ஏறி இறங்கினால் மேலே உள்ள சுவரும் விரிசல் விடும். "எல்லாருக்கும் மூணடிதான் தோண்டுறோம்" என்று சொன்னால் ஒப்புக் கொள்ளாதீங்க. கெட்டி மண் அல்லது பாறை தட்டும் வரை தோண்ட வேண்டும். கரிசல் ரொம்ப ஆழமாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் அஸ்திவாரம் போடக் கூடாது. ஒன்றியத் திட்டத்தில் கட்டுகிறவர்கள் அங்குள்ள பொறியாளரிடமே கேட்கலாம்.

எந்தத் தண்ணீர்?

இது நம்ம பகுதிக்கு முக்கியமான கேள்வி. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பல கிணறுகள் உப்பாகிப் போனது நமக்குத் தெரிந்ததுதான். உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, சில வருஷத்தில் கூரைப் பூச்சை உடைத்துத் தள்ளும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உப்பு இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 456 என்ற தரநிலையின் விதி. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்க. கான்கிரீட்டுக்கும் கம்பி வேலைக்கும் மட்டுமாவது நல்ல தண்ணீர் லாரியில் வாங்குவது நஷ்டமில்லை.

சாமான் வாங்கும்போது

செங்கல்: இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. 3 கிலோ எடையுள்ள கல் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய பிறகு 3 கிலோ 600 கிராமைத் தாண்டினால் அது சரியாக வேகாத கல்.

மணல், எம்-சாண்ட்: கண்ணாடி பாட்டிலில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்க. மேலே சேறு தனியாகப் படியும். நாலு விரல் மணலுக்குக் கால் விரல் சேறு பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புங்க.

கம்பி: எண்ணிக்கைக் கணக்கில் வாங்கினால் எடையும் போட்டுப் பாருங்க. 12 மீட்டர் நீளமுள்ள 8 எம்.எம். கம்பி ஏறக்குறைய 4 கிலோ 700 கிராம், 10 எம்.எம். 7 கிலோ 400, 12 எம்.எம். 10 கிலோ 600 இருக்கும். கொஞ்சம் கூடக் குறைய வரலாம். கம்பிக்கு ஒரு கிலோ குறைந்தால் அது மெலிந்த கம்பி.

சிமெண்ட்: மூட்டையில் வாரம், வருஷம் அச்சடித்திருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை வாங்காதீங்க. வீட்டில் பலகை மேல் அடுக்குங்க, சுவரை ஒட்ட வேண்டாம்.

கூரை போடும் நாள்

கூரைக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. சட்டி கணக்கை ஒருவர் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 30 லிட்டரைத் தாண்டக் கூடாது. கொட்டுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் கான்கிரீட் பொத்தல் விழும், பலம் குறையும். கம்பி பலகையைத் தொடாமல் அடியில் முக்கால் அங்குலக் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று பாருங்க. இது இல்லாத கூரையில்தான் கம்பி வெளியே தெரியும்.

பிறகு தண்ணீர் கட்டுவது. இந்த வேலை பெரும்பாலும் நம்ம தலையில்தான் விழும். மறுநாளே பாத்தி கட்டி நீர் நிறுத்தி, நம்ம ஊர் வெயிலுக்கு 14 நாள் காய விடாமல் பார்க்க வேண்டும். சென்ட்ரிங்கையும் அதுவரை பிரிக்க விட வேண்டாம். அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். கூரை நம்முடையது, அவசரம் அவர்களுடையது.

பணம் கொடுக்கும் முறை

வாய்ப்பேச்சு போதாது. லேபர் காண்ட்ராக்டா, சாமானோடு சேர்த்தா, சதுர அடிக்கு எவ்வளவு, எந்தப் பரப்பை அளந்து கணக்குப் போடுவார்கள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்க. அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், கூரை, பூச்சு என்று பிரித்து, முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்க. கடைசிப் பூச்சு முடியும் வரை ஒரு தொகையை நிறுத்தி வையுங்க.

கட்டின வீட்டை வாங்கப் போகிறவர்களும், மனை, வீடு பார்த்துக் கொடுக்கும் தொழில் செய்கிற உறுப்பினர்களும் இதே கேள்விகளைக் கேட்கலாம். சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, கூரையில் துருக்கறை தெரிகிறதா, ஜன்னல் மூலையில் சரிவாக விரிசல் போகிறதா என்று பாருங்க. புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்க. வீட்டுக்கடன் கேட்கும் உறுப்பினரின் மனையை இரண்டு பேர் போய்ப் பார்த்து வருவது என்று தீர்மானம் போடலாம். கடனை எல்லோரும் சேர்ந்து கொடுக்கிறோம், வீட்டையும் சேர்ந்தே கவனிப்போம்.