ஹுரூஷியூஷ்: அச்சுக்கு முன்னும் பின்னும் ஒரு வரலாற்று நூல்

அறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் இபர்' என்னும் வரலாற்றுப் பெருநூலில், இஸ்லாத்திற்கு முந்திய சமுதாயங்களைப் பற்றிய பகுதியைப் பயில்வோர், ஹுரூஷியூஷ் என்னும் ரோம வரலாற்றாசிரியரின் பெயரை அடிக்கடி காண்பர். 'யார் இவர்?' என்று மாணவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தால், ஐரோப்பாவின் தொடக்ககால அச்சு நூல்களுள் ஒன்றில் போய் நிற்போம்.

அரபியர் ஹுரூஷியூஷ் என அழைத்தவர் ஒரோசியுஸ் என்னும் லத்தீன் வரலாற்றாசிரியர் ஆவார். ஐபீரியத் தீபகற்பத்தில் பிறந்த இவர், கிறிஸ்தவ குரு. புகழ்பெற்ற அகஸ்டினின் மாணவர். கி.பி. 410இல் விசிகோத்தியர் ரோம் நகரைச் சூறையாடினர். பழைய தெய்வங்களைக் கைவிட்டமையே இத்துயருக்குக் காரணம் எனப் பழஞ்சமயத்தார் பழி கூறினர். அதற்கு முன்னரும் போர்களும் பஞ்சங்களும் உலகை வாட்டியே வந்தன என நிறுவுவதற்காக, அகஸ்டினின் வேண்டுகோளுக்கிணங்க, ஆதிமனிதர் தொடங்கித் தம் காலம் வரையிலான வரலாற்றை ஒரோசியுஸ் ஏழு பாகங்களில் எழுதினார். நூல் 417ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது.

இந்நூல் முதன்முதலாக அச்சேறியது 1471இல். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், யோஹான் ஷூஸ்லர் என்பவரின் அச்சகத்தில். அந்நகருக்கு அச்சுக்கலை வந்து அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அக்கால அச்சு நூல்களில் இன்றுள்ளதுபோல் தலைப்புப் பக்கம் இராது. ஊர், அச்சிட்டவர், ஆண்டு ஆகிய விவரங்கள், நம் கையெழுத்துக் கிதாபுகளின் முடிவுரையைப் போன்றே, இறுதி ஏட்டில் இடம்பெறும். பத்திகளின் முதலெழுத்துகளைப் பின்னர்க் கையால் வரைவதற்காக இடம் விட்டு அச்சிடுவதும் வழக்கம். கையெழுத்துப் பிரதியின் சாயலிலேயே அச்சு நூல் பிறந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

முதற்பதிப்பு என்பதால் இன்று இதற்கு அரும்பொருள் மதிப்பு மிகுதி. ஆயினும், முதலில் அச்சேறியது என்பதனாலேயே ஒரு பதிப்பு மிகச் சரியான மூலமாகிவிடுமா? அக்கால அச்சகத்தார் பெரும்பாலும் தம் கைக்கு எட்டிய பிரதியையே அச்சிட்டனர். எழுத்தாளன் ஒருவனின் கைப்பிழை அப்பிரதியிலும் அதனைப் பார்த்து எழுதப்படும் பிரதிகளிலுமே தொடரும். அச்சில் நேரும் பிழையோ அப்பதிப்பின் எல்லாப் பிரதிகளிலும் பரவும். ஒரோசியுஸின் நூலுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட லத்தீன் கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. அவற்றுள் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்று, ஃபுளோரன்ஸ் நகரின் லாரென்சிய நூலகத்தில் இருக்கிறது. பிரதிகளை ஒப்புநோக்கி ட்சாங்கமைஸ்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட திருத்தப் பதிப்பு வெளிவந்தது 1882இல். முதற்பதிப்பிற்கு 411 ஆண்டுகளுக்குப் பின்னர்!

அந்த முதற்பதிப்பிற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்நூல் குர்துபாவில் அரபியாக்கம் பெற்றிருந்தது. மருத்துவ அறிஞர் இப்னு ஜுல்ஜுல் இதுபற்றி ஒரு செய்தியைத் தருகிறார். ஹிஜ்ரி 337இல் (கி.பி. 948-49) பைசாந்தியப் பேரரசர், கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு இரு நூல்களை அன்பளிப்பாக அனுப்பினார். ஒன்று தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூல்; மற்றொன்று ஹுரூஷியூஷின் வரலாறு. முன்னதற்குக் கிரேக்கம் அறிந்தவர் தேவை; பின்னதை வாசிக்க லத்தீன் அறிந்தோர் உம் நாட்டிலேயே உளர் என்பது உடன் வந்த மடலின் கருத்து.

ஆயினும், ஒரோசியுஸ் ஐபீரியர். அவருடைய நூல் அங்குள்ள தேவாலயங்களில் முன்பே பயிலப்பட்டது. எனவே அரபியாக்கத்திற்கு அரசரின் அன்பளிப்புப் பிரதியே மூலம் எனக் கொள்ள வேண்டியதில்லை. குர்துபாவில் கிறிஸ்தவர்களின் நீதிபதியும், ஹதீஸ் அறிஞர் காசிம் இப்னு அஸ்பகும் சேர்ந்து, அல்ஹகம் அல்முஸ்தன்ஸிருக்காக இதனை மொழிபெயர்த்ததாக இப்னு கல்தூன் (ரஹ்) குறிப்பிடுகிறார். காசிம் ஹிஜ்ரி 340இல் வஃபாத்தானார். அல்ஹகம் கலீஃபா ஆனதோ 350இல். ஆகவே இப்பணி அல்ஹகம் இளவரசராய் இருந்தபோது நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

அரபியாக்கம் மூலத்தை அப்படியே பின்பற்றவில்லை. வேறு நூல்களின் செய்திகளைச் சேர்த்து, முஸ்லிம்கள் அந்தலுஸில் நுழைந்த காலம் வரை வரலாற்றை நீட்டியது. அதனை இப்னு கல்தூனும் மக்ரீஸியும் பயன்படுத்தினர். 1406இல் மறைந்த இப்னு கல்தூன், இந்நூல் அச்சேறுவதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து முடித்தவர் என்பது எண்ணத்தக்கது.

எனினும் அந்த அரபியாக்கத்திற்கு இன்று எஞ்சியிருப்பது ஒரேயொரு கையெழுத்துப் பிரதி. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள அதிலும் சில ஏடுகள் இல்லை. அதனை அப்துர் ரஹ்மான் பதவி 1982இல் பெய்ரூத்திலும், மைத்தே பெனலாஸ் 2001இல் மத்ரீதிலும் பதிப்பித்தனர். விடுபட்ட இடங்களில் சிலவற்றை அறிய, இப்னு கல்தூன் எடுத்தாண்ட பகுதிகளே துணை நிற்கின்றன.

லத்தீன் மூலம் நூற்றுக்கணக்கான பிரதிகளாலும் அச்சாலும் காக்கப்பட்டது. அரபியாக்கமோ ஒற்றைப் பிரதியாலும் மேற்கோள்களாலும் உயிர் தரித்திருக்கிறது. பிரதியைப் பிரதியோடு ஒப்பிடும் 'முகாபலா' நம் முன்னோர் கைக்கொண்ட நெறி. பழம் பதிப்பு கிடைத்துவிட்டது என அமைதி கொள்ளாது அந்நெறியைத் தொடர்வதும், நம் இல்லங்களிலும் மதரஸா அலமாரிகளிலும் உறங்கும் பழைய ஏடுகளைச் செல்லரிக்க விடாது பார்ப்பதும் நம் கடமையாகும். அவற்றுள் ஏதேனும் ஒன்று, உலகில் எஞ்சிய ஒரே பிரதியாக இருக்கவும் கூடும்.