'லாஸ்ட் சீன்' 2.47 ஏ.எம்!

"மச்சி, டேட்டா காலி... ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணேன்!"

திண்டிவனத்தில் ரயில் கிளம்பி மயிலம் வர்றதுக்குள்ள இந்தக் குரலைக் கேட்டுடலாம். அப்புறம் பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம்னு ஸ்டேஷன்கள் வந்து போகும். குனிஞ்ச தலை மட்டும் நிமிராது. விழுப்புரம் ஜங்ஷன்ல கூட்டம் இறங்கும்போதுதான் பாதிப் பேருக்கு, 'ஓ... வந்துடுச்சா?'

"இந்த போன்தான்ப்பா புள்ளைங்களைக் கெடுக்குது" என்று எதிர் சீட் பாட்டி தீர்ப்பே சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு டவுட். போன் நம்ம மனசைக் கெடுக்குதா, இல்லை... ஏற்கெனவே சரியில்லாத மனசுதான் போய் போன்ல விழுதா?

இந்த டவுட் வரக் காரணம், எங்க செட்ல இருக்கிற ஒரு பையன். ராத்திரி எப்போ பார்த்தாலும் ஆன்லைன்ல இருப்பான். 'லாஸ்ட் சீன்' 2.47, 3.15 என்று காட்டும். அதனால 'வாட்ச்மேன்'னு பட்டப்பேரே வெச்சோம். மூணு அரியர். கூட இருந்த ஊர்ப் பசங்களும் வேற ரூம் போயிட்டாங்க. தினமும் சோக ஸ்டேட்டஸா போடுவான். நாங்க சிரிக்கிற ஸ்மைலி போட்டுட்டு, அடுத்த ரீல்ஸுக்குத் தாவிடுவோம்.

ஒருநாள் எல்லா அக்கவுன்ட்டையும் டெலிட் பண்ணிட்டான். "அந்தத் தம்பி ரெண்டு நாளா சாப்பிடவே வரலையேப்பா" என்று மெஸ் அண்ணன் சொன்ன பிறகுதான் ரூமுக்கு ஓடினோம். "ஏன்டா எந்நேரமும் போன்லயே கிடந்தே?" என்று கேட்டதுக்கு அவன் சொன்ன பதில், இன்னும் காதில் கேட்குது.

"பேச ஆள் இருந்தா நான் ஏன்டா அதைப் பார்த்துட்டு இருக்கப்போறேன்?"

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் கிராவுட்டின் குழு, பிட்ஸ்பர்க் நகரக் குடும்பங்களை ஆராய்ந்து, 'இன்டர்நெட்டை அதிகம் பயன்படுத்தினால் தனிமை கூடுது' என்று 1998-ல் சொன்னது. பரபரப்பாச்சு. ஆனா அதே ஆட்களைத் தொடர்ந்து கவனிச்சப்போ, அந்தப் பாதிப்பு பெரும்பாலும் மறைஞ்சிருந்தது. 2002-ல் அதையும் அவங்களே வெளியிட்டாங்க. கூடவே இன்னொரு விஷயம்: கலகலப்பா பழகுறவங்களுக்கும், தோள் கொடுக்க ஆள் இருக்கிறவங்களுக்கும் நெட் நல்லது செஞ்சுது. ஒதுங்கி இருக்கிறவங்களுக்கு அந்த லாபம் கிடைக்கலை. இருக்கிறவனுக்கே இன்னும் சேருது!

கனடாவின் ப்ராக் பல்கலைக்கழக ஆய்வு 2019-ல் வந்தது. சோஷியல் மீடியா பயன்பாடு பின்னாடி மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கலை. ஆனா, மனச்சோர்வு இருந்த பள்ளி மாணவிகள், பின்னாடி சோஷியல் மீடியாவை அதிகம் பயன்படுத்தினாங்க. அதாவது, பாட்டி சொன்னதுக்கு அப்படியே உல்டா!

ஃபெஞ்சல் சொன்ன பாடம்

யோசிச்சுப் பார்த்தா, 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்பவே எங்களுக்குப் புரிஞ்சிருக்கணும். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் நடுவில் பாலத்தில் வெள்ளம் ஏறி, டிசம்பர் 2-ம் தேதி ரயில்களே நின்னு போச்சு. கரன்ட் இல்லை. ஒரு பாயின்ட் டவர் கிடைச்சாலே கொண்டாட்டம்!

சும்மா மீம்ஸ் போட்டுட்டிருந்த எங்க வாட்ஸ்அப் குரூப், அன்னிக்கு கன்ட்ரோல் ரூம் ஆச்சு. 'யார் வீட்ல தண்ணி வந்துடுச்சு, யார்கிட்ட பிரெட் இருக்கு, எங்கே சார்ஜ் போடலாம்'னு ஒரே மெசேஜ் மழை. காரணம், நாங்க முதல்ல ஒண்ணா டீ குடிச்ச பசங்க. குரூப் அப்புறம்தான் வந்துச்சு. வாட்ச்மேனும் அன்னிக்கு ஆன்லைன்லதான் இருந்தான். கிளாஸ் குரூப்ல அறுபது பேர். 'சாப்பிட்டியா?'ன்னு அவனைக் கேட்டது... ஒருத்தரும் இல்லை.

இப்போ எப்படி இருக்கான்?

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர்கிட்ட மனசுவிட்டுப் பேசினான். போனை யாரும் பிடுங்கலை. சாயங்காலம் வாலிபாலுக்கு ஆறாவது ஆளா இழுத்துக்கிட்டோம், அவ்வளவுதான். ஸ்க்ரீன் டைம் தானா குறைஞ்சுது. இன்னமும் சில ராத்திரி தூக்கம் வராது. ஆனா இப்போ ஸ்டேட்டஸ் போடறதில்லை... எங்களில் ஒருத்தனை எழுப்பிடறான்! 'பேர் மட்டும் போடாதே'ன்னு சொல்லி, இதை எழுதச் சொன்னதே அவன்தான்.

ஒரு நிமிஷம் ப்ளீஸ்...

* போனை எடுக்கும்போது, 'யார்கிட்டயாவது பேச எடுக்கிறேனா, எதையாவது மறக்க எடுக்கிறேனா?' என்று கேட்டுக்குங்க. ரெண்டாவது பதிலே அடிக்கடி வந்தா, போனைத் திட்டாம, மறக்க நினைக்கிறது எதுன்னு பாருங்க.

* ஃப்ரெண்டோட சோக ஸ்டேட்டஸுக்கு ஸ்மைலி வேண்டாம். போன் பண்ணுங்க. ரூம் பக்கம்னா நேர்லயே போயிடுங்க.

* மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416. மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச சேவை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பக்கத்து சீட் நண்பன்கிட்ட ஹாட்ஸ்பாட் கேட்கிறோம் இல்லையா? அப்படியே, 'எப்படிடா இருக்கே?'ன்னும் கேட்டுடுங்க மக்களே. அதுக்கு டேட்டா தேவையில்லை!