நாள் முழுக்க ஓசி இடமா?

கும்பகோணம் பெரிய தெருவில் பையும் பிள்ளையுமாக நடக்கிற பெண்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்! காலையில் ஓரம் நிறுத்தும் வண்டி, ராத்திரிதான் நகரும். நாம நடுரோட்டில் நடக்கணும்.

சென்னை மாநகராட்சி 2019-ல் தெருவோரம் நிறுத்தும் காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூவீலருக்கு 5 ரூபாய் என்று வசூலித்தது. 2021-ல் மாநகராட்சியான நம்ம ஊரிலும் வைக்கலாமே!

'கத்தரிக்காய் வாங்கப் போனாலும் காசா?' என்பீர்கள். முதல் அரை மணி இலவசம் என்று வைத்தால் போதும். நாள் முழுக்க இடம் பிடிப்பவர் கொடுக்கட்டும்; ரசீதும் கட்டாயம். அந்தப் பணத்தில் நடைபாதையும், பெண்களுக்குக் கழிப்பறையும் வரட்டும். 2028 மகாமகத்துக்கு முன்பே செய்தால், வருகிற கூட்டமும் வாழ்த்தும். என்ன சொல்றீங்க தோழிகளே?

- இல்லத்தரசி ஒருத்தி, கும்பகோணம்.